ஒரு திர்ஹத்துக்கு அக்கரை

அல்கூஸ், சோனாப்பூர், ஜெபல் அலி கேம்ப்களில் இருக்கும் தமிழ்த் தம்பிகளுக்கு,

போன மாதம் ஒரு தம்பியை ஏர்போர்ட்டில் விட்டுவரப் போனேன். பரமக்குடிப் பக்கத்துப் பையன். ஏழு வருஷம் ஷட்டரிங் வேலை பார்த்துவிட்டு, விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கே திரும்புகிறார். வண்டி மக்தூம் பாலத்தில் ஏறியபோது கீழே தண்ணீரையும் படகுகளையும் எட்டிப் பார்த்தார். “அண்ணே, இது எந்த ஆறு?” என்று கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த ஊரின் முப்பது மாடி, நாற்பது மாடிக் கட்டடங்களுக்குப் பலகை அடித்த ஆள். அவருக்கு இந்த ஊர் எங்கே பிறந்தது என்று காட்டித் தர யாரும் இல்லாமல் போய்விட்டது. நானும் காட்டவில்லை. ஏழு வருஷமாக அவரை எனக்குத் தெரியும்.

அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன்.

லீவு நாள் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். 1998இல் நான் வந்தபோது ஒரு அறையில் எட்டுப் பேர். துணி துவைத்து, மெஸ் முறைக்குச் சமைத்து, ஊருக்குப் பேசி, மீதி நேரம் தூங்கினால் அன்றைய நாள் முடிந்துவிடும். தேராவுக்குப் போனாலும் எக்ஸ்சேஞ்சு வாசலில் வரிசையில் நின்று பணம் அனுப்பிவிட்டு, சப்கா பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துத் திரும்பிவிடுவேன். இருநூறு அடி நடந்தால் தண்ணீர். முதல் இரண்டு வருஷம் அந்த இருநூறு அடியை நான் நடக்கவில்லை. என்னிடம் யாராவது “போய்ப் பாரடா” என்று சொல்லியிருந்தால் நடந்திருப்பேன்.

ஆகவே நான் சொல்கிறேன். வருஷத்தில் ஒரே ஒரு லீவு நாளை இதற்கு ஒதுக்குங்கள். வெயில் தணிந்த நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் ஒரு நாள். மெட்ரோவில் சில்வர் நோல் கார்டுக்கு எவ்வளவு தூரம் போனாலும் ஒரு தடவைக்கு ஏழரை திர்ஹத்தைத் தாண்டாது. பச்சைத் தடத்தில் அல் ராஸ் ஸ்டேஷனில் இறங்குங்கள். ராஸ் என்றால் அரபியில் தலை. நிலம் தண்ணீருக்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிற இடம் அது.

காலை எட்டு மணிக்கு அங்கே கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். மசாலாச் சந்தைக்குள் நுழையும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும்: ஏலம், பட்டை, மஞ்சள், குந்திரிக்கம், வெயிலில் கறுத்துச் சுருங்கிய எலுமிச்சை. ஏலமும் மிளகும் மலபாரிலிருந்து, பட்டை இலங்கையிலிருந்து பல நூற்றாண்டுகளாக இந்தக் கடலுக்கு வருகின்றன. உங்களுக்கு முன்பே அவை வந்துவிட்டன. தங்கச் சந்தையைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். தங்கை கல்யாணத்துக்கு வாங்க நீங்களே வந்திருப்பீர்கள். பக்கத்தில் அஹ்மதியா பள்ளிக்கூடம் இருக்கிறது. 1912இல் ஒரு முத்து வியாபாரி தொடங்கியது, துபாயில் முறையாக நடந்த முதல் பள்ளி. அதை வெளியிலிருந்தாவது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். முத்து என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

அங்கிருந்து கரைக்கு வந்தால் மரக்கலங்கள். ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகிற சரக்கு, ஃப்ரிட்ஜும் டயரும் அரிசி மூட்டையுமாகப் பக்கத்தில் அடுக்கிக் கிடக்கும். கலத்தில் வேலை செய்பவர்களில் குஜராத் கரையோரத்து ஆட்கள் நிறைய. எங்கள் தூத்துக்குடித் துறையிலிருந்து இன்றும் மாலத்தீவுக்குத் தோணி போகிறது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு. அந்தத் தோணியை ஏற்றுகிறபோது எழுகிற அதே சத்தம்தான் இங்கும். கண்ணை மூடினால் எனக்கு ஊர் தெரியும்.

இப்போது அப்ரா என்கிற படகில் ஏறுங்கள். அக்கரைக்கு ஒரு திர்ஹம். டிக்கெட் கிடையாது, படகு நகர்ந்த பிறகு காசைக் கையில் கொடுத்தால் போதும். நடுவில் ஒரு நீளப் பலகை, முதுகுக்கு முதுகு உட்கார வேண்டும், இருபது பேர். ஓட்டுபவர் நடுக்குழியில் நின்றுகொண்டிருப்பார். ஜெர்மனியிலிருந்து வந்த சுற்றுலாக்காரரும், கடைக்குச் சரக்குச் சுமந்து போகிறவரும், நீங்களும் ஒரே பலகையில் உட்காருவீர்கள். மால் வாசலில் நுழையும்போது நம் சட்டையைப் பார்ப்பார்களோ என்று ஒரு கூச்சம் வருமே, அந்தக் கூச்சம் அப்ராவில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்த இடம் எது என்று கேட்டால் இந்தப் பலகையைத்தான் சொல்வேன்.

பரமக்குடித் தம்பி கேட்டதற்குப் பதில் இங்கே இருக்கிறது. இது ஆறு இல்லை. மழையே இல்லாத ஊரில் ஆறு ஏது? கடல் நிலத்துக்குள் சுமார் 14 கிலோமீட்டர் நுழைந்து கிடக்கிற உப்பங்கழி. அரபியில் கோர் என்பார்கள், நாம் கிரீக் என்கிறோம். உள்முனையில் ராஸ் அல் கோர் என்ற சேற்றுநிலம். குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். கோடியக்கரைக்காரர்களுக்கு அந்தப் பறவையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காற்றுக்கும் அலைக்கும் பயந்து படகுகள் ஒதுங்க இந்தக் கழி இருந்ததால்தான் இங்கே ஊர் உண்டானது. ஆனால் கழியின் வாய் மணல் அடித்துத் தூர்ந்துகொண்டே வந்தது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு, சரக்கைச் சின்னப் படகுகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. துபாயை ஆண்ட ஷேக் ராஷித் 1950களின் கடைசியில் இதை ஆழப்படுத்த முடிவு செய்தார். கையில் பணம் இல்லை, எண்ணெய் அப்போது கிடைக்கவில்லை. குவைத்திடம் கடன் வாங்கினார், உள்ளூர் வியாபாரிகளிடமும் திரட்டினார். 1961க்குள் தூர்வாரி முடித்தார்கள். துபாய்க் கடலில் எண்ணெய் கண்டது 1966இல். கடன் வாங்கி முதலில் வழியைத் திறந்தார்கள், செல்வம் பிறகு வந்தது. ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வட்டிக்கு வாங்கிவிட்டு இங்கே வந்து சேர்ந்த உங்களுக்கு, இந்த ஊரும் அப்படி ஒரு கடனில் எழுந்து நின்றது என்று தெரிய வேண்டும் என நினைக்கிறேன்.

அக்கரையில் இறங்கினால் பர்துபாய் துணிச் சந்தை. மரக்கூரை போட்ட தெரு. கொஞ்சம் உள்ளே போனால் இந்தி லேன் என்று எல்லோரும் சொல்கிற சந்து. மல்லிகைச் சரம், தேங்காய், குங்குமம் எல்லாம் கிடைக்கும். பெரிய பள்ளிவாசலின் பின்பக்கத்தை ஒட்டிப் பல பத்தாண்டுகள் இருந்த சிவன் கோயில் 2024 ஜனவரியில் ஜெபல் அலிக்கு மாறிவிட்டது. சிவராத்திரிக்கு இந்தச் சந்தில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றவன் நான். தொழுகை முடிந்து வருகிறவர்கள் அந்த வரிசையைக் கலைக்காமல் ஓரமாக ஒதுங்கிப் போவார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

எக்ஸ்சேஞ்சு வாசலில் தினமும் ரேட் பார்க்கிறீர்களே, 1966 வரை இந்தக் கரையில் அந்தக் கவலையே இருந்ததில்லை. இங்கும் ரூபாய்தான் செலாவணி. 1959 முதல் வளைகுடாவுக்கென்று தனி நோட்டு. அதையும் நம் ரிசர்வ் வங்கிதான் வெளியிட்டது, மதிப்பும் நம் ரூபாயின் மதிப்பேதான். 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோதுதான் இவர்கள் வேறு பணத்துக்கு மாறினார்கள். திர்ஹம் வந்தது 1973இல். 1909இல் இங்கே திறந்த முதல் தபால் நிலையமும் இந்தியத் தபால் நிலையம்தான், தபால்தலையும் இந்தியத் தலை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நேற்று விசா அடித்து வந்த அந்நியர்கள் என்று நாம் நம்மையே நினைத்துக் குறுகிப்போகிறோம். இரண்டு கரைக்கும் இடையிலிருந்த போக்குவரத்து அத்தனை பழையது.

துணிச் சந்தை முடிகிற இடத்தில் ஃபஹீதி கோட்டை. 1787இல் கட்டியது என்பார்கள். துபாயில் இன்று நிற்கிற கட்டடங்களிலேயே மிகப் பழையது. 1971இல் அதை அருங்காட்சியகமாக்கினார்கள். 2000ஆம் வருஷம் நான் முதல்முறை உள்ளே போனபோது சீட்டு மூன்று திர்ஹம். ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் என் கால் நின்றுவிட்டது. உள்ளே கயிறு கட்டிய ஒரு கல், கழுத்தில் மாட்டுகிற வலைக்கூடை, மூக்கை அடைக்கிற ஓட்டுக் கவ்வி.

என் தாத்தா முத்துக்குளித்தவர். தூத்துக்குடியில் அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அதுவரை குளியாளாகப் போனார். காலில் கல்லைக் கட்டி இறங்குவதை, மேலே கயிறு பிடிப்பவரை நம்பி மூச்சை விட்டுவைப்பதை, சின்ன வயதில் எனக்கு நடித்துக் காட்டுவார். அவர் சொன்ன கல் அந்தப் பெட்டியில் இருந்தது. அதுவரை இந்த ஊரை நான் கண்ணாடிக் கட்டடங்களின் ஊர் என்றே நினைத்திருந்தேன்.

எண்ணெய்க்கு முன்னால் இந்தக் கரையின் பிழைப்பு முத்து. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை நான்கு மாதம் ஆண்கள் கடலிலேயே கிடப்பார்கள். காலையில் பேரீச்சம்பழமும் காப்பியும், வயிறாரச் சாப்பாடு இரவில்தான். வயிறு நிறைந்தால் மூச்சுப் பிடிக்க முடியாது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை இல்லை, பல பத்து முறை முங்குவார்கள். சிப்பியை மறுநாள் காலை படகுத் தலைவரான நகூதாவின் கண்முன் மொத்தமாகக் குவித்துப் பிளப்பார்கள். எந்த முத்து யார் எடுத்த சிப்பியிலிருந்து வந்தது என்று எடுத்தவனுக்கே தெரியாது. நல்ல முத்தெல்லாம் பம்பாய்க்குப் போகும்.

சீசனுக்கு முன்னால் நகூதா முன்பணம் கொடுப்பார். அதை வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். சீசன் முடிந்து பங்கு பிரித்தால் பெரும்பாலானவர்களுக்குக் கையில் நிற்பது பாக்கிதான். பாக்கி தீராமல் வேறு படகுக்குப் போக முடியாது. இவ்வளவு நிலுவை என்று பழைய நகூதா எழுதித் தரும் தாள் வேண்டும். குளியாள் செத்துப்போனால் கடன் மகன் தலையில் ஏறும். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் முங்கினார்கள். அவர்களின் பங்கு அவர்களை வைத்திருந்தவர்களுக்குப் போனது. எங்கள் கரையிலும் படகுக்காரச் சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணத்துக்காக உழைத்துத் தேய்ந்தவர்கள் உண்டு. தாத்தா அதைப் பற்றி மட்டும் பேச மாட்டார், பாட்டிதான் சொல்வாள். 1900களின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்புக்கு வளைகுடா அரபிகளும் போனார்கள், எங்கள் கரையாட்களும் போனார்கள். இரண்டு கூட்டமும் ஒரே முத்துப்பாரில் முங்கியிருக்கிறது.

பிறகு ஜப்பானில் முத்தை வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். 1929இல் உலகச் சந்தை சரிந்தது. இந்தக் கரை பட்டினி கிடந்தது. இன்று உங்கள் கம்பெனி முதலாளிகளாக இருப்பவர்களில் பலருடைய தாத்தாக்கள் அந்தப் பட்டினியைக் கண்டவர்கள்.

கோட்டையிலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் பஸ்தகியா. இப்போது அல் ஃபஹீதி என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். உள்ளே நடக்கக் காசு கிடையாது. மத்தியான நேரத்தை இங்கே கழியுங்கள், அவசரப்படாதீர்கள்.

ஈரானின் தென்பகுதியில் பஸ்தக் என்று ஓர் ஊர். அங்கிருந்து வந்த வியாபாரிகள் கட்டிய தெருக்கள் இவை. ஈரானின் லிங்கே துறைமுகத்தில் சுங்கத்தை ஏற்றியதும் அவர்கள் பிழைக்க வேறு கரை தேடினார்கள். அப்போது துபாயை ஆண்ட ஷேக் மக்தூம் பின் ஹஷர் வரியைத் தள்ளுபடி செய்து, கழிக்கரையில் வீடு கட்ட இடமும் கொடுத்தார். ஊரைவிட்டு வந்தவர்கள் தம் ஊர்ப் பெயரையே தெருவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

தெருவுக்கு இங்கே சிக்கா என்று பெயர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பிகளுக்கு முடுக்கு என்றால் போதும். கைநீட்டினால் இரண்டு சுவரும் தொடுகிற அளவு. வேண்டுமென்றே குறுக்கியிருக்கிறார்கள். ஒரு வீட்டின் நிழல் எதிர்வீட்டில் விழும், கழியிலிருந்து வருகிற காற்று இடுக்கில் புகுந்து வேகம் பிடிக்கும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நடந்தவர்களுக்கு இந்த வளைவுகள் பழகியவையாக இருக்கும். சுவரைத் தொட்டுப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் புழு அரித்தது போல் ஓட்டை ஓட்டையாகக் கல் தெரியும். பவளப்பாறைக் கல், கடலிலிருந்து வெட்டி எடுத்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து வெட்டிவந்து எங்கள் ஊரிலும் வீடு கட்டியிருக்கிறார்கள், சுண்ணாம்பும் சுட்டிருக்கிறார்கள்.

நீங்கள் கட்டடக்காரர்கள். ஆகவே உங்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும். உள்ளே போய்க் கூரையை அண்ணாந்து பாருங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் அலையாத்திக் காடுகளிலிருந்து கப்பலில் வந்த கம்புகள் வரிசையாகக் கிடக்கும். அந்தக் கம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம். பணக்காரர் வீட்டிலும் அறைகள் ஒடுக்கமாக நீண்டிருப்பது அதனால்தான். பார் வளைத்து, ஸ்லாப் போட்டுப் பழகிய உங்கள் கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடும். சுற்றுலாக்காரர்கள் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

கூரைக்கு மேலே காற்றுக் கோபுரம், அரபியில் பர்ஜீல். நான்கு பக்கமும் திறப்பு, நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்குச் சுவர். எந்தத் திசையில் காற்று அடித்தாலும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு கீழே இறங்கும். அறையின் சூடு எதிர்ப்பக்கமாக மேலேறிப் போகும். கரண்டு இல்லாத காலத்து ஏசி. அதன் அடியில் பத்து நிமிஷம் உட்காருங்கள். சட்டை வியர்வை உலர்வது தெரியும். வெளியே எந்த வெயிலில் நிற்கிறோம் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

இன்னொரு செய்தி. ஊர் வளர்ந்ததும் பஸ்தகிக் குடும்பங்கள் புதுப் பகுதிகளுக்குப் போய்விட்டன. காலியான வீடுகள் கிடங்காயின, நம்மைப் போல் கூலிக்கு வந்தவர்கள் தங்குகிற அறைகளாயின. இன்று ஓவியக்கூடமும் காப்பிக்கடையுமாக இருக்கிற முற்றங்களில் ஒருகாலத்தில் வேலையாட்களின் துணி காய்ந்தது. 1980களில் பாதித் தெருக்களை இடித்துவிட்டார்கள், மீதியும் போவதாக இருந்தது. ரெய்னர் ஓட்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் அங்கே ஒரு வீட்டைச் சீர்செய்து குடியிருந்தார். இடிக்கக் கூடாது என்று போராடினார், இன்றைய பிரிட்டன் மன்னர் சார்லஸுக்குக் கடிதம் எழுதினார். 1989இல் இளவரசராக வந்த சார்லஸ் இந்தத் தெருக்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காப்பாற்ற வேண்டிய இடம் என்று சொன்னார். இடிப்பு நின்றது. மாநகராட்சி வீடு வீடாகப் புதுப்பித்தது. சில இடங்களில் அளவுக்கு மீறித் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டார்கள் என்பது என் வருத்தம். ஆனாலும் இருக்கிறதே, அது பெரிது.

வெயில் சாய்ந்ததும் கரையோரமாகவே ஷிந்தகா வரை நடங்கள். 1896இல் கட்டிய ஷேக் சயீத் வீடு அங்கே இருக்கிறது. இப்போதைய ஆட்சியாளரின் தாத்தா வீடு. அதற்கும் காற்றுக் கோபுரங்கள்தான். கழி கடலோடு சேருகிற வாய் பக்கத்திலேயே. வீட்டுக்கு வீடியோ கால் போட ஏற்ற இடம் அது. பிள்ளைகள் புர்ஜ் கலீஃபாவை யூடியூபில் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு இந்தத் தண்ணீரைக் காட்டுங்கள், மத்தியானம் தொட்டுப் பார்த்த பவளக்கல்லைச் சொல்லுங்கள். அப்பா போயிருக்கிற ஊர் எப்படிப்பட்டது என்று அவர்களுக்கும் ஒரு கதை கிடைக்கட்டும்.

ஃபோர்மேன்களாகவும் கேம்ப் பாஸ்களாகவும் இருக்கிற நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி பஸ்ஸை லீவு நாளில் மாதம் ஒருமுறை பர்துபாய் வரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் கேட்டோம், மறுத்தார்கள். இரண்டாம் தடவை கேட்டபோது கொடுத்தார்கள். நாற்பது பேர் போனோம்.

பரமக்குடித் தம்பி ஊரில் இறங்கியதும் போன் செய்தார். அந்த ஆற்றின் பெயரை மறுபடி கேட்டார். சொன்னேன், இந்தத் தடவை கதையையும் சேர்த்து.

நவம்பர் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சப்கா அப்ராத் துறையில் இருப்பேன். அடையாள அட்டையான பத்தாக்காவை மறக்காதீர்கள், ஒரு பாட்டில் தண்ணீர், தேயாத செருப்பு. அப்ராவுக்குச் சில்லறை நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தூத்துக்குடி அண்ணன்